நாலாவது பெட்டி

எங்கள் ஊர்ப் பொங்கல் விழாக் கமிட்டிக்காரர்கள் ஒரு மட்டக்குதிரையின் காலை ஒடிக்கப் பார்த்தார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு நடந்ததுதான். நானே பார்த்தேன்.

சாத்தூர் பக்கம் எங்கள் ஊர். நன்கொடை கொடுத்த ஒவ்வொரு பட்டாசுக் கம்பெனிக்கும் அதன் லேபிள் ஒட்டிய ஒரு பெட்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குதிரை அதைத் தாண்ட வேண்டும் என்றார்கள். காற்றில் சாயாமலிருக்க உள்ளே மணல் நிரப்பியிருந்தார்கள்.

குதிரைக்காரர் காரியாபட்டிக்காரர். ஒல்லி உடம்பு, காதில் செருகிய பீடி. குதிரை தாண்டியதும் ஒவ்வொரு தடவையும் குனிந்து முன்னங்கால்களைத் தடவிப் பார்ப்பார். மூன்று பெட்டி தாண்டியதும் தடவியவர் கையை எடுக்கவில்லை.

அந்நேரம் நாலாவது கம்பெனியின் பெட்டி வந்தது. "வேணாங்க, காலு சூடேறிருச்சு" என்றார்.

"ஒரு பெட்டிதானண்ணே, தாண்டிராதா?" என்று கேட்டேன்.

"தாண்டிரும்லே. எறங்கணும்ல? அம்புட்டுக் கனமும் இந்தக் காலுலதான விழும்."

கமிட்டித் தலைவரிடம், "லேபிள் தெரியணும்னா பக்கத்துல வைங்க" என்றார்.

"அவுக பெட்டி மட்டும் தரையிலயா? கோவிச்சுக்கிருவாக."

குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மைக்கில் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். கூட்டம் சிரித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரை நொண்டாமல் நடந்தது.

அவருக்கு எப்படிக் கோபம் வராமல் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு வருகிறது. கமிட்டித் தலைவரே, அதே மைக்கைப் பிடித்து ஊர் கேட்கச் சொல்லுங்கள்: கால் ஒடிந்திருந்தால், அதன்மேல் எந்தக் கம்பெனி லேபிளை ஒட்டியிருப்பீர்கள்?