அக்கா பாடிய வெள்ளிக்கிழமை

ஒலிவாங்கியை அக்காவிடம் நீட்டியபோது அவருடைய விரல்களிலிருந்து ப்ளீச் மணம் வந்தது. காலையில் பன்னிரண்டு அறைகளைச் சுத்தம் செய்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் மேடையேறியிருந்தார்.

துபாயிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், பாலைவனத்து ஹோட்டல் ஒன்றில் நான் ஒலியமைப்பாளன், யாழ்ப்பாணத்துக்காரன். அக்கா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு துப்புரவுக் கம்பெனி மூலம் வந்தவர். அவருடைய பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் கிடந்தது. ஊரில் மகளுக்கு அப்போது நிறைமாதம். மூன்று முறை லீவு கேட்டும் தொழிலாளர் கேம்ப் பொறுப்பாளர் "மாஃபி", கிடையாது, என்று ஒரே அரபுச் சொல்லில் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்த வாரம் பல நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் எங்கள் ஹோட்டலில் ஒரு கலை முகாம் நடத்தினார்கள். முகாம் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது எட்டுப் பேர் படுக்கும் அறையும் வாசலில் நிற்கும் காவலாளியும்தான். இவர்களோ பிள்ளைகளோடு வந்து வயலினும் கிளாரினெட்டும் பயின்றார்கள். சொற்களே இல்லாத மெட்டுகளைச் சேர்ந்து பாடினார்கள். அவர்களுடைய வழிபாட்டில் அப்படியொரு மரபு உண்டாம். நடைபாதையைத் துடைத்துக்கொண்டே அக்கா அந்த மெட்டொன்றை முணுமுணுத்ததை அவர்களுடைய பாடல் ஆசிரியை கேட்டுவிட்டார். மேலாளரிடம் அனுமதி வாங்கி, மதிய இடைவேளைகளில் அக்காவையும் குழுவில் நிறுத்திக்கொண்டார். எங்கே மூச்சை எடுப்பது, பக்கத்துக் குரலோடு எப்படி ஒட்டுவது என்பதையெல்லாம் கைகளாலேயே காட்டினார்.

"பாடுறப்ப மூச்சு நல்லா வருது தம்பி. ரூமுக்குப் போனா திரும்ப அடைக்குது" என்றார் அக்கா ஒருநாள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அவர்களுக்கு ஓய்வுநாள்; அதன்பின் வாத்தியங்களைத் தொடமாட்டார்கள். ஆகவே பிற்பகலிலேயே நிகழ்ச்சி நடந்தது. அக்கா ஒரு சுற்றுத் தனியாகப் பாடினார். மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. ஆசிரியை அவரை அணைத்துக்கொண்டு, நாலு வார்த்தை பேசும்படி கேட்டார். மொழிபெயர்க்க என்னை அழைத்தார்.

"என் மக புள்ள பெக்கப் போறா. கம்பெனி பாஸ்போர்ட்ட வச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. நீங்க யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க" என்றார் அக்கா.

மண்டபத்தின் பின்னால் கேம்ப் பொறுப்பாளர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் எங்கள் மேலாளர். என் விசாவைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. எல்லா முகங்களும் என்னையே பார்த்தன.

"ஷீ சேஸ் தேங்க் யூ" என்றேன்.

கைதட்டல் எழுந்தது. ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சபையை நோக்கிக் கைகூப்பினார்.

ஞாயிறு காலைதான் அவர்கள் கிளம்பினார்கள். அதற்குள் ஆசிரியையின் அறை வாசல்வரை இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் கதவைத் தட்டாமல் திரும்பினேன். பேருந்துகள் போன பிறகு, விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம், "அவை போய் ஏதாவது செய்வினம், அக்கா" என்றேன்.

"ஆறு வருஷமா இந்த ஊர்ல ரூம் கழுவுறேன் தம்பி. தேங்க் யூன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. "ஒனக்கும் பயந்தான். வெளங்குது."

பதினான்கு மாதங்கள் கழித்துத்தான் அவருக்கு லீவு கிடைத்தது. பேரன் அதற்குள் நடக்கத் தொடங்கியிருந்தான். அக்கா திரும்பி வரவில்லை.

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். விசா அதற்குப் பிறகு இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டுவிட்டது. யாராவது மொழிபெயர்க்கக் கூப்பிட்டால், எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன்.