ஆட்டம் நின்ற பிறகு

நர்ஸ் அற்புதம்மாளுக்கு ஆத்திரம் வந்தால் வரதராஜன்பேட்டையில் பாதித் தெருவுக்குக் கேட்கும். நியாயமான ஆத்திரம் என்பதால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சொன்னபடி கேட்டதும் இல்லை.

சவரியம்மாளின் மகள் ஆரோக்கிய செல்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயது. திடீரென்று ஒருநாள் கையும் காலும் தன் பாட்டுக்கு வெட்டி இழுக்கத் தொடங்கின. சோற்றுத் தட்டைக் கீழே போட்டாள், முகத்தைக் கோணினாள். கொழுப்பு என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படி. காத்துக் கருப்பு என்று வீட்டில் வேப்பிலையடி. நோயாக இருக்குமோ என்று ஒரு ஜென்மத்துக்கும் தோன்றவில்லை. கடைசியில் அற்புதம்மாள்தான் தாயையும் மகளையும் கரி பஸ்ஸில் ஏற்றி அரியலூருக்குக் கொண்டுபோனாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடிய அந்த பஸ் ஏற்றம் கண்ட இடமெல்லாம் நின்றது. அதையும் திட்டினாள்.

அரியலூர் டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம் இதெல்லாம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சுங்க. தன்னால போயிடுச்சுங்க," என்றாள் சவரியம்மாள்.

"போகல. அதுதான் மூளையைத் தொட்டுக் கையை ஆட்டுது. இருதயத்தையும் தொட்டிருக்கு. கை ஆட்டம் தானா நின்னுடும். இருதயம் ஆறணும்னா மாசக்கணக்குல படுக்கையை விட்டு இறங்கக் கூடாது."

இத்தனையில் சவரியம்மாளின் காதில் விழுந்தது, கை ஆட்டம் நின்றுவிடும் என்பது மட்டும்தான்.

அன்றிலிருந்து அற்புதம்மாளுக்கு நிம்மதி போயிற்று. போகும்போதெல்லாம் அந்தப் பெண் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் குடத்தோடு வருவாள்.

"படுத்தே கிடந்தா காலு வெளங்காமப் போயிடாதுங்களா நர்சம்மா?"

"நெஞ்சு வெளங்காமப் போனா காலை வச்சு என்னடி பண்ணுவ?"

டாக்டர் சொன்னபடியே கை ஆட்டம் நின்றது. வந்தது வினை.

"ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேந்திருந்தேங்க. கை நின்னா அம்புட்டு தூரம் கோயில் வரைக்கும் புள்ளைய நடத்தியே கூட்டியாறேன்னு."

"நான் என்ன மாதாவுக்கு விரோதியா? ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போறவதானே? டாக்டர் சரின்னு சொன்னப்பறம் நட. மாதா எங்கடி போயிடப் போறா?"

சவரியம்மாள் பவ்வியமாகத் தலையாட்டினாள். மறுநாள் காலையில் வீடு பூட்டிக் கிடந்தது.

அற்புதம்மாள் வண்டி கட்டிக்கொண்டு ஓடினாள். ஜெயங்கொண்டம் தாண்டி ஒரு முந்திரித் தோப்பில் குழந்தை உட்கார்ந்திருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். உதடு நீலம், பாதமெல்லாம் வீக்கம். ஐயோ, அந்தப் பாதத்தைப் பார்த்ததும் திட்டுவதை அப்புறத்துக்கு வைத்துக்கொண்டு குழந்தையை வண்டியில் தூக்கி உட்காரவைத்தாள். நேரே அரியலூருக்கு விடச் சொன்னாள்.

பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர். இருதயம் முன்னைவிட மோசம், இன்னொரு நடைக்குத் தாங்காது என்றும் தாயிடமே சொன்னார்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளில் சவரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாதி வழில நின்னுட்டோம் பாருங்க, அதான் மாதாவுக்குக் கோவம். தை பொறந்ததும் மீதியையும் நடத்திப்புடறேங்க."

அற்புதம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவ இனிமே என் வூட்டுல படுக்கட்டும். மாதா கேட்டா, அற்புதம் தரமாட்டேன்னுட்டான்னு சொல்லு. அவகிட்ட நான் பேசிக்கிறேன்."