மத்தியானக் காய்ச்சல்

என் மனைவி ராமாயிக்கு முதலில் குளிர் எடுத்தது ஒரு மத்தியானத்தில். அடிமலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள், வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே பல் கிட்டி உட்கார்ந்துவிட்டாளாம். சாயங்காலம் வேர்த்துக் கொட்டியதும் காய்ச்சல் விட்டது. லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு) வந்து எனக்குச் சோறு போட்ட பிறகுதான் அதைச் சொன்னாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அதே நேரத்தில் மறுபடியும் வந்தது. இது முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குளிர்காய்ச்சல்) என்று முதலில் எனக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். தோட்டத்தில் காய்ச்சல்காரர்களின் பேரை எழுதுகிற வேலை என்னுடையது.

மடுல்சீமைக்குக் கீழே, மலை இறங்கி ஓடை அகலமாகும் இடத்தில் எங்கள் தோட்டம். மழை நின்றால் ஓடை குட்டை குட்டையாகத் தேங்கும்; கொசு பெருகும். காய்ச்சல் பரவுகிறதா என்று தெரிந்துகொள்ளத் தினமும் ஒரு பட்டியல் வேண்டும் என்று பதுளையிலிருந்து வரும் டாக்டர் கேட்டிருந்தார். விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு ஆள் சேர்த்துப் பேர் எடுக்கும் இடத்தில்) யார் காய்ச்சலால் வரவில்லையோ அவர்கள் பேரை எழுதுவேன். எழுத்துத் தெரிந்தவன் என்ற மிதப்பு வேறு. கோடு போட்டு, அழகாகத்தான் எழுதினேன்.

ராமாயி ஒரு நாளும் பெரட்டுக்கு வராமல் இருந்ததில்லை. காலையில் அவளுக்கு ஒன்றுமே இருக்காது. மத்தியானம் குளிர் வந்தால் பக்கத்து நிரைப் பெண்கள் அவளை மரத்தடியில் படுக்கவைத்து, தங்கள் கம்பளிகளால் மூடுவார்கள். ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அவள் கூடையில் போடுவார்கள். நிறுவையில் குறை தெரியாது; கங்காணிக்கும் தெரியாது. மறுநாள் வேறொருத்தி படுத்தால் ராமாயியும் போடுவாள். எல்லாருடைய நல்ல மனசும் சேர்ந்து காய்ச்சலை ஒளித்துவைத்தது.

நானே போய்ப் பார்த்தேன். கம்பளிக் குவியலுக்குள் அவள் முகம் மட்டும் தெரிந்தது. பேரை எழுதிவிடவா என்று கேட்டேன்.

“காலையில பெரட்டுக்கு வந்தவளுக்கு எப்படிங்க காய்ச்சல்னு எழுதுவீங்க?” என்றாள். “எழுதினா பதுளைக்கு அனுப்பிருவாங்க. ஒங்கள விட்டுட்டு நான் அங்க போயி கெடக்கமாட்டேன்.”

எழுதவில்லை. சட்டப்படிதான் நடக்கிறேன் என்று மனசுக்குச் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவள் இல்லாத லயத்துக்குத் திரும்ப எனக்கும் பிடிக்கவில்லை.

பத்து நாளில் எனக்கும் தொற்றியது. அவளுக்கு ஒரு நாள், எனக்கு மறுநாள். சம்பந்திகள் விருந்து வைப்பதுபோல முறை மாற்றிக்கொள்கிறோம் என்று கேலி பேசினாள். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் அவளுக்கு வேர்வை வரவில்லை. பேச்சு குழறியது. கட்டிலோடு தூக்கிக்கொண்டு பதுளைக்குப் போனோம். ஆசுபத்திரித் தாழ்வாரத்திலேயே டாக்டர் அவள் இடது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (இந்தக் காய்ச்சலில் வீங்கும் உறுப்பு) கல்லாக இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். பட்டியலில் இவள் பேரே இல்லையே என்றார். காரணத்தையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. “நீ காலையில எண்ணுற. காய்ச்சல் மத்தியானந்தானே வருது,” என்றார்.

மறுநாள் பகலில் ராமாயி போய்விட்டாள்.

அந்த வாரமே டாக்டர் உச்சி வேளையில் எங்கள் மலைக்கு வந்தார். நான் முன்னால் நடந்து மரத்தடி மரத்தடியாகக் காட்டினேன். எங்கே பார்த்தாலும் கம்பளிக் குவியல். காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று பெண்கள் என்னோடு பேசவில்லை. ஆனால் எல்லாருக்கும் கொயினா (முறைக்காய்ச்சலுக்கான கசப்பு மருந்து) கிடைத்தது. பிழைத்தார்கள்.

உங்கள் வீட்டில் இந்தக் காய்ச்சல் இருந்தால் ஒன்று சொல்கிறேன். காய்ச்சல் விட்ட நேரத்து முகத்தை நம்பாதீர்கள். எந்த நாள், எந்த நேரம் என்று குறித்துவைத்து, கூசாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நானும் கொயினா குடித்தேன். காது இரைந்தது, வாயெல்லாம் கசந்தது. மண்ணீரல் வீக்கம் வற்றிவிட்டது, காய்ச்சல் இனி வராது என்று டாக்டர் சொன்னபோது கூட இருந்தவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

அவள் இருந்தவரை, என் முறை நாட்களில் ராமாயி மலையிலிருந்து ஓடி வருவாள். கம்பளிக்கு மேல் தன் உடம்பைப் போட்டு, என் நடுக்கம் நிற்கும்வரை அமுக்கிப் பிடித்திருப்பாள். நாட்களை நான் இன்னும் அப்படித்தான் அறிகிறேன்: ஒன்று அவளுடையது, ஒன்று என்னுடையது.

குணமான பிறகு வந்த என் நாள் ஒன்றில், மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு இரண்டு கம்பளிகளையும் இழுத்துப் போர்த்திப் படுத்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். உடம்பு வேர்த்ததே தவிர, நடுங்கவில்லை.