நான் அடிக்காத பூச்சியம்

சுனாமிக்குப் பிறகு, களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரியில் காயப்பட்டவர்களின் விவரங்களைக் கணினியில் பதிந்தேன். அடிக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களை அது வயதாகவும் மிச்சத்தை வார்ட் இலக்கமாகவும் காட்டும். ஏழு வயது, பன்னிரண்டாம் வார்ட் என்றால் 0712. முன்னால் வரும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்த நான், 712 என்று அடித்தேன்.

ஆரையம்பதியிலிருந்து ஒரு தகப்பன் வந்தார்.

"என்ட மகள், ஏழு வயசு. பேர் இல்லாட்டியும் பாருங்க தங்கச்சி."

"பேர் தெரியாத பொம்புள ஒராள்தான் அண்ணன். எழுபத்தொரு வயசு, ரெண்டாம் வார்ட்."

"அது கிழவிதானே," என்று சவங்களுக்குள் தேடப் போனார்.

மூன்றாம் நாள்தான் பிழையைக் கண்டேன். அவரைத் தேடிப் பிடித்து, கணினி பிழையாகக் காட்டிவிட்டது என்று சொல்லி, பன்னிரண்டாம் வார்டுக்குக் கூட்டிப் போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது.

"மயக்கம் தெளிஞ்சு அப்பாவைத்தான் கேட்டிச்சு. நேத்து உசிர் போயிட்டு," என்றார் தாதி.

தகப்பன் வெகுநேரம் கட்டிலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "மெசினுக்கு என்ன தெரியும் தங்கச்சி," என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அதையும் நான் வாங்கிக்கொண்டேன்.