பதினான்கு கிலோ மூட்டை

கொல்லிமலையில் நான் இயற்பியல் நடத்தும் கல்லூரியில், முதலாண்டு மாணவர்கள் வாரம் ஒரு கணக்கு போட்டுத் தர வேண்டும். அதற்கு இன்டர்னல் மார்க் உண்டு. முப்பத்தெட்டு நோட்டிலும் ஒரே விடை, ஒரே பிழை. ஒரே நோட்டை முப்பத்தெட்டு முறை திருத்திச் சலித்துவிட்டேன்.

இந்தப் பருவத்தில் ஒரு தந்திரம் செய்தேன். உராய்வுக் குணகம் 0.3 உள்ள முப்பது டிகிரி சரிவில் மரவள்ளி மூட்டையை மேலே இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? மூட்டை எத்தனை கிலோ என்பது அவரவர் பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கம். இனி எப்படிக் காப்பியடிப்பார்கள் என்று நிம்மதியாக இருந்தேன்.

முப்பத்தேழு நோட்டில் மூட்டை பதினான்கு கிலோ. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவனைக் கூப்பிட்டேன்.

“உன் நம்பர் முப்பத்தொண்ணு. பதினாலு எங்கிருந்து வந்துச்சு?”

“பஸ்ல குடுத்த நோட்டுல அப்படித்தானுங்க மேடம் இருந்துச்சு.”

மீதி ஒரு நோட்டு, மலைமேலேயே பைல் நாடு என்ற பகுதியிலிருந்து வரும் பெண்ணுடையது. இருபத்தேழு கிலோ, அவளுடைய சொந்த எண். இரண்டு பக்கம் அடித்தல் திருத்தல். சைன் வர வேண்டிய இடத்தில் காஸ் போட்டிருந்ததால், இழுக்கும் விசை, உராய்வும் சேர்ந்து, மூட்டையின் எடையைவிடக் கூடுதலாக வந்திருந்தது. கீழே எழுதியிருந்தாள்: ‘இதுக்கு மூட்டையத் தூக்கிட்டே போயிரலாம். எங்கியோ தப்பு.’

அந்த வரிக்காகவே பத்துக்கு எட்டு போட்டேன். பதினான்காம் எண்காரனுக்குப் பத்து. மற்றவர்களுக்கு இரண்டு.

துறைத்தலைவர் கூப்பிட்டார். “தப்பான விடைக்கு எட்டு, சரியான விடைக்கு ரெண்டா? பெத்தவங்க வந்து கேட்டா என்னங்க சொல்றது?”

“அது அவங்க மூட்டையே இல்லீங்க சார்.”

“திருப்பி எழுதச் சொல்லுங்க. ஏழுக்குக் குறையாமப் போட்டுருங்க.”

அந்த முப்பத்தாறு பேரையும் திருப்பி எழுதச் சொன்னேன். திங்கட்கிழமை நோட்டுகள் வந்தன. இப்போது எல்லா மூட்டையும் இருபத்தேழு கிலோ. அதே காஸ், அதே அடித்தல்கள், கடைசியில் ‘எங்கியோ தப்பு’ உட்பட. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவளைக் கூப்பிட்டு ஏன் நோட்டைக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

“குடுக்கலீன்னா பேச மாட்டாங்க மேடம். சரியாப் போட்டு வேற தாள்லயும் வெச்சிருந்தேனுங்க. அதுக்கு மார்க் வரலீங்களே, அதனால யாரும் கேக்கல.”

தாளை வாங்கிப் பார்த்தேன். சரியாகவே இருந்தது. முப்பத்தாறு பேருக்கும் ஏழு போட்டேன். அவளுடைய எட்டைப் பத்தாகத் திருத்திப் பட்டியலைக் கல்லூரி அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஏழு போட்டதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பத்தாகத் திருத்தியதற்கு மட்டும் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். இன்னும் எழுதவில்லை.