சேர்த்து வைத்த முள்ளுக்கரண்டி

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் இப்போது கிரேக்கச் சாப்பாட்டையும் ஜப்பான் சாப்பாட்டையும் ஒரே தட்டில் போடுகிறார்கள். சத்தியமாக. ராகலையிலிருந்து உடப்புசல்லாவை போகிற ரோட்டில் இறங்கினால் நீலமும் வெள்ளையுமாக ஒரு பலகை, நடுவில் சிவப்பு வட்டம். சமைக்கிறவர் ஜப்பான்காரர். அவருடைய மனைவி கிரேக்கப் பெண். கொழும்பிலிருந்து வேன் போட்டுக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டு, எங்கள் மலையைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தொழிலாளர் லயத்திலிருந்து யாராவது அங்கே போனால் புல்லு வெட்டத்தான் போவார்கள்.

அந்தப் பங்களாவில் அப்பா பதினெட்டு வருஷம் அப்புவாக இருந்தார். துரைமாருக்குச் சமைத்து, பரிமாறி, தட்டுக் கழுவி அடுக்கி வைக்கிற ஆளைத் தோட்டத்தில் அப்பு என்றுதான் சொல்வார்கள். பிறகு பங்களாவைப் பூட்டினார்கள், அப்பா பெக்டரிக்குப் போனார். பிறகு பங்களாவைத் திறந்து வாடகைக்கு விட்டார்கள். அதற்குள் அப்பாவின் நாக்கில் புண் வந்துவிட்டது.

வெத்தலைதான். குளிருக்கு வெத்தலை, பசிக்கு வெத்தலை, பேச்சுக்கு வெத்தலை. புண்ணை ஆறு மாசம் யாருக்கும் காட்டவில்லை. நான் கம்பஸ் முடித்து வீட்டுக்கு வந்த பிறகுதான், பேச்சு ஏன் இப்படிக் குழறுகிறது என்று வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

கண்டியில் டொக்டர் ஒளித்து மறைக்காமல் சொன்னார். திங்கட்கிழமை வார்டில் சேர வேண்டும், மறுநாள் ஒப்பரேஷன். நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மூக்கு வழியாகக் குழாய். திரும்ப வாயால் சாப்பிடுவாரா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டொக்டர்மாருடைய 'பார்க்கலாம்' என்னவென்று எனக்குத் தெரியும்.

ஆக, எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது. அந்த நாக்கு இருக்கும்போதே அப்பா நல்லதாக ஒரு வேளை சாப்பிட வேண்டும். மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை.

வீட்டில் முடியாது. அம்மாவுக்கு மிளகாய் இல்லாமல் சமைக்கத் தெரியாது. போடாமல் சமைத்தாலும் சட்டியிலேயே காரம் ஊறிப்போய் இருக்கிறது. ரெண்டு வாரமாக அப்பா பிளேன்டீயில் பாண் துண்டைத் தொட்டு அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தார். டவுனில் எந்தக் கடைக்குப் போனாலும் காரம். அப்போதுதான் அந்தப் பங்களாக்காரர்களுடைய மெனுவைப் போனில் தேடிப் படித்தேன். தயிர், வெள்ளரிக்காய், இலையில் சுற்றிய சோறு, பச்சை மீன். மேலிருந்து கீழே வரைக்கும் தேடினேன். மிளகாய் என்ற சொல்லே இல்லை. கிடைத்துவிட்டதடி என்று துள்ளினேன்.

"எதுக்கு புள்ள அதெல்லாம்? கஞ்சி வச்சா குடிச்சிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

"சும்மா இருங்கப்பா. பதினெட்டு வருஷம் அங்க நின்னுக்கிட்டே இருந்தீங்க. ஒரு நாள் உக்காருங்க."

வசனம் நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கே புல்லரித்தது. அதுதான் என்னுடைய வியாதி.

ஞாயிறு மத்தியானம் பனிமூட்டம் இறங்கி, பங்களா கேட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அம்மா தீபாவளிச் சேலை. அப்பா வெள்ளைச் சட்டை, மப்ளர். நான் முன்னால் நடந்து வாசற்படி ஏறித் திரும்பிப் பார்த்தால் அம்மா மட்டும்தான் நிற்கிறார்.

"அப்பா எங்க?"

"வந்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அப்பா பின்பக்கம், குசினிக் கதவுக்கு முன்னால், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற அக்கா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா இது?"

"கால் தன்னால வந்துருச்சும்மா" என்றார். வெட்கப்பட்டுச் சிரித்தார். சிரித்தால் வலிக்கும். உடனே நிறுத்திக்கொண்டார்.

முன்வாசல் வழியாகக் கூட்டிக்கொண்டு போனேன். பரிமாறுகிறவர் முப்பது வயதுப் பெண், எங்கள் கீழ் டிவிஷன் ஆள்தான். கறுப்பு ஏப்ரன் கட்டியிருந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஒரு செக்கன் திகைத்துவிட்டு, "வாங்க மாமா, வாங்க அத்தை" என்று ஜன்னல் பக்க மேசையைக் காட்டினார். பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். வேறு யாரும் இல்லை.

மேசையில் கத்தி, முள்ளுக்கரண்டி. அதற்குப் பக்கத்தில் ரெண்டு குச்சி. அம்மா குச்சியை எடுத்துப் பார்த்தார்.

"இது என்னாடி, கொண்டையில குத்துறதா?"

"சாப்பிடுறதும்மா."

"குச்சியையா?"

"ஐயோ அம்மா. அதால சாப்பாட்டை எடுத்துச் சாப்பிடுறது."

"கை இல்லாதவங்களுக்கா?"

பரிமாறுகிற அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்பாகூட கண்ணால் சிரித்தார். அந்த நிமிஷம் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

சாப்பாடு வந்தது. திராட்சை இலையில் சுற்றிய ஜப்பான் சோறு. "நாங்க பறிக்கிற எலையை விட்டுட்டு எந்த எலையையோ பொதி கட்டி வச்சிருக்காங்க" என்று அம்மா முணுமுணுத்தார். தயிரில் வெள்ளரிக்காய், அதன் மேல் கடல்பாசிப் பொடி. எண்ணெய் ஊற்றிய பச்சை மீன், கடதாசி மாதிரி மெலிசாகச் சீவி விரித்தது. எதிலும் காரம் இல்லையே என்று ரெண்டு தரம் கேட்டேன். "ஒரு சொட்டுகூட இல்ல தங்கச்சி" என்றார் அந்த அக்கா.

அப்பா கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எடுத்தார். நான் அப்படி ஒரு அழகைப் பார்த்ததே இல்லை. முதுகு நிமிர்ந்து, முழங்கை உடம்போடு ஒட்டி, சத்தமே இல்லாமல் அந்த இலைப் பொதியை மூன்றாக நறுக்கினார். நான் போனை எடுத்தேன். ஒரு துண்டு வாய்க்குள் போனது. படம். மீன் ஒரு துண்டு. இன்னொரு படம். தயிர் ஒரு கரண்டி.

"எப்படிப்பா?"

தலையை ஆட்டினார். "நல்லா இருக்கு."

"மெதுவா சாப்பிடுங்க. எல்லாம் உங்களுக்குத்தான்."

பெருமை தாங்கவில்லை. கை கழுவுகிற இடத்துக்குப் போய்க் கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்த்து, பரவாயில்லைடி, ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டாய் என்று சொல்லிக்கொண்டேன்.

திரும்பி வந்தால் அப்பாவுக்கு முன்னால் தட்டு இல்லை. வெறும் மேசை. அந்த அக்கா தட்டோடு குசினிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். தட்டில் அத்தனையும் அப்படியே கிடந்தது.

எனக்கு மண்டைக்குள் ஏதோ வெடித்தது.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? அவரு சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு தெரியல்லையா? லயத்து ஆளுங்கன்னா சீக்கிரம் எழுப்பி அனுப்பிறலாம்னு நெனச்சீங்களா?"

வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்த அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இல்ல தங்கச்சி. மாமா சேர்த்து வச்சிருந்தாரு."

"எதைச் சேர்த்து வச்சாரு?"

"கத்தியையும் முள்ளுக்கரண்டியையும். தட்டுல பக்கத்துப் பக்கத்துல, நேரா. போதும், எடுத்துக்கன்னு அர்த்தம். எங்களுக்கு மொத நாள் சொல்லிக் குடுக்கிறதே அதுதான்."

"அவருக்கு அதெல்லாம் என்ன தெரியும்? சும்மா வச்சிருப்பாரு."

"உக்காருடி" என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு. "மானத்த வாங்காத."

அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் பேசினால் இப்போது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும். எச்சிலை விழுங்கி விழுங்கி, நிதானமாகச் சொன்னார்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன். எனக்கா தெரியாது? பிரிச்சு வச்சிருந்தா இன்னும் சாப்பிடப் போறாங்க. சேர்த்து வச்சிருந்தா முடிஞ்சுது. மொத மாசம் இது தெரியாம, பிரிச்சு வச்சிருந்த தட்டைத் தூக்கிட்டேன். தொரை சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அந்தத் தட்டைக் கையில குடுத்து அந்தா அந்த மூலையில நிக்க வச்சாரு."

"அப்ப ஏன் முடிச்சீங்க? மூணு வாய்கூட சாப்பிடல்லையேப்பா."

"எரியுது புள்ள."

"காரமே இல்லையே!"

"எல்லாத்துலயும் தேசிக்காய். வினாகிரி. உப்பு."

புண்ணில் தேசிக்காய்ப் புளி. டிகிரி முடித்தவள் நான். காரத்தை மட்டும் தேடினேன். சின்னப் பிள்ளை முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலே அதில் தேசிக்காய் விடக்கூடாது என்று தெரியும். எனக்குத் தெரியவில்லை.

"எரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"நீ போட்டோ புடிச்சுக்கிட்டு இருந்த."

திட்டவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அந்தப் படங்கள் இன்னமும் போனில் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால், வலது கை முள்ளுக்கரண்டியைப் பிடித்திருக்கிறது. இடது கை மேசைத் துணியைக் கசக்கிப் பிடித்திருக்கிறது. படம் எடுத்தவளுக்கு அந்தக் கை தெரியவில்லை.

அந்த அக்கா கிட்டே வந்து குனிந்து, "மாமா, உப்புக்கூடப் போடாம முட்டையை ஆவியில வேக வச்சுத் தாறோம். சூடு ஆற வச்சுக் கொண்டாறன்" என்றார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்பா கையை ஆட்டினார். "வேணாம்மா. ருசி போயி ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

அம்மா கையில் வைத்திருந்த குச்சியைக் கீழே வைத்தார். ரெண்டு மாசம் என்பது அம்மாவுக்கும் புதுச் செய்தி. பாணுக்கு மாறுகிற வரைக்கும், இன்றைக்குக் குழம்பு எப்படி என்று அம்மா கேட்பார், அப்பா நல்லா இருக்கு என்பார்.

அப்பா எழும்பினார். வெளியே போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. அலுமாரிக்குப் பக்கத்தில், சுவரோரம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பழைய இடம். அங்கே நின்றால் ரெண்டு மேசையும் தெரியும், யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியும்.

"மாமா, உக்காருங்களேன்" என்றார் அந்த அக்கா. அப்பா தலையை ஆட்டிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணால் சொன்னார்: சாப்பிடுங்க.

வெள்ளைக்காரர் கையைத் தூக்கி, தண்ணீர்க் கிளாஸைக் காட்டினார். அப்பாவைப் பார்த்து. நான் பாதி எழும்பிவிட்டேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"விடு. செய்யட்டும்."

அப்பா கூஜாவை எடுத்துக்கொண்டு போய், அந்த ஆளின் வலப்பக்கமாக நின்று, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றினார். திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். கேவலமாக இருந்தது எனக்கு. ஆனால் நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவருடைய உடம்பு வலி இல்லாத ஆளின் உடம்பு மாதிரி தெரிந்தது அங்கேதான்.

நாங்கள் சாப்பிட்டோம். என்ன செய்வது? அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இலைச்சோறு புளித்தது. மீன் வழுக்கியது. அம்மா கையால் பிசைந்து சாப்பிட்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. கண்ணீரும் தயிரும் ஒன்றாகப் போயிருக்கும்.

என் தட்டு காலியாகிவிட்டது. கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் எப்படி வைப்பதென்று இப்போது எனக்குத் தெரியும். சேர்த்து வைத்தால் அப்பா வந்து தட்டை எடுப்பார். எடுத்தால் முடிந்தது. முடிந்தால் வீடு, வீட்டுக்குப் பிறகு விடியற்காலை கண்டி பஸ். நான் பிரித்தே வைத்திருந்தேன். அப்பா என் தட்டைப் பார்த்தார், காத்துக்கொண்டு நின்றார். பக்கத்து மேசைக்காரர்கள் போய்விட்டார்கள். மூட்டம் ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்துவிட்டது. அப்பா ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டார். அப்படியும் நின்றார்.

"புள்ள, அவரால நிக்க முடியல்லடி" என்றார் அம்மா.

சேர்த்து வைத்தேன். அப்பா வந்தார். வலப்பக்கமாக.

ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள் வார்டில் முதல் தடவையாகக் குழாய் வழியாகப் பால் கொடுத்தார்கள். நேர்ஸ் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊற்றினார். அப்பாவுக்குப் பேச்சில்லை. முகத்தில் பாதி கட்டு. பாதிப் பால் உள்ளே போனதும் கட்டிலில் கிடந்த வலது கையைத் தூக்கினார். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நேராக நீட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் காட்டினார். என்ன கேட்கிறார் என்று நேர்ஸ் சிங்களத்தில் என்னைக் கேட்டார். தெரியாது என்று பொய் சொன்னேன்.

அப்பா என்னையே பார்த்தார். விரலை இறக்கவில்லை. நான் அந்த ரெண்டு விரலையும் பிடித்து, மெதுவாகப் பிரித்து வைத்தேன்.

நேர்ஸ் மிச்சப் பாலை ஊற்றினார்.