வெயிலில் சீசாவைத் தூக்கிப் பார்த்தவர்

சுடலைமுத்து அண்ணாச்சி இறந்துபோன செய்தி வந்தபோது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தட்டில் ஒட்டாமலிருக்க அடியில் என்ன தடவுகிறீர்கள் என்று விசாரணை. பாலும் சீனியும் தவிர வேறெதுவும் கிடையாது என்று கடைக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தபோது, முன்பு என்னிடம் படித்த ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "சார், ராஜபாளையத்துல எண்ணெய்க்கடை அண்ணாச்சி காலையில தவறிட்டாவளாம்" என்றார்.

"யார் சொன்னது? நீ நேரில் பார்த்தியா?" என்று கேட்டேன்.

"இதுலயுமா சார் சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் பால்கோவா வாங்காமல் பஸ் ஏறினேன். வழி நெடுக அது வேறு யாராவது எண்ணெய்க்கடை அண்ணாச்சியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். தெருமுனையில் பந்தல் போட்டிருப்பதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு நினைவு மலர் அச்சிடுவதாகவும், அதில் நான் இரண்டு பக்கம் எழுத வேண்டும் என்றும் அவர் மகன் முருகேசன் கேட்டான். எனக்கு அதிலும் சந்தேகம்தான். "உங்க அப்பாவைக் கலப்படக்காரர்னு நடுக்கடையில் நின்னு சத்தம் போட்டவன் நான். என்னை ஏன்பா கேக்குற?" என்றேன். "எங்க கடையை உங்களைவிட உத்துப் பார்த்தவிய வேற யாரு சார் இருக்காவ?" என்றான். அவன் கேலியாகச் சொன்னானா, மெய்யாகவே சொன்னானா என்று இன்னும் எனக்குத் தெரியாது. எப்படியானாலும் அவன் கேட்ட இரண்டு பக்கம் இதுதான். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அந்தக் கடையில் எண்ணெய் வாங்கியவர்கள், அல்லது நான் சொன்னதைக் கேட்டு வாங்காமல் விட்டவர்கள். இரு தரப்பாருக்கும் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

அண்ணாச்சியின் ஒரு பழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். யார் சீசா கொடுத்தாலும் வாங்கி, கடை வாசலுக்கு வந்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். அடிப்பக்கத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். அதன் பிறகுதான் புனலை எடுப்பார். எத்தனை பேர் காத்திருந்தாலும் இது தப்பாது. "ஏன் அண்ணாச்சி, உள்ள புதையலா கிடக்கு?" என்று கேட்காத ஆள் கிடையாது. அவர் சிரித்துக்கொள்வார். சுத்தக்காரர் என்று காட்டிக்கொள்ளச் செய்கிற வேடிக்கை அது என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பன்னிரண்டு வருடம் அப்படி எண்ணியிருந்தேன்.

என் சந்தேகம் பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். என் அண்ணன் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். நாற்பத்திரண்டு வயது. அப்போதெல்லாம் ரேஷன் கடையில் பாமாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வீட்டில் தாளிப்பதும் பொரிப்பதும் அதில்தான். காரியத்துக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர், "இந்த எண்ணெயையும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை மறந்திருப்பார். நான் பிடித்துக்கொண்டேன். யாரையாவது குற்றம் சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. அகப்பட்டது எண்ணெய். அன்றிலிருந்து பாமாயில் கலந்த ஒரு பொருளும் என் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். வீடு ராஜபாளையத்தில். எண்ணெயைக் குளிரில் வைத்துச் சோதிக்கும் முறை எனக்குத் தெரியும். மார்கழி மாதம் மலையடிவாரத்துக் குளிரில் சீசாவை விடிய விடிய வெளியே வைத்தால் நல்ல கடலை எண்ணெய் அப்படியே இருக்கும். ரேஷன் எண்ணெய் அடியில் வெள்ளையாகக் கட்டிவிடும். கலப்படம் செய்தவனும் கூடவே அகப்படுவான். இதை வகுப்பிலும் சொல்வேன், பஸ்ஸிலும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி காலை அது. என் மனைவி எஸ்தர் சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். கிறிஸ்துமஸ் முறுக்குக்கு எண்ணெய் வாங்க வேண்டும், அதற்கு முன் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும் என்று நான் அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிற டானிக் சீசாவை எடுத்தேன். மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. காலி என்று பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

அண்ணாச்சி கடைக்குப் பின்னால் அவருடைய சொந்தச் செக்கு ஓடிக்கொண்டிருந்தது. அரை லிட்டர் அளந்து புனலில் ஊற்றினார். கழுத்து வரை வந்து நின்றுவிட்டது. அளவுக் குவளையில் இன்னும் கொஞ்சம் மிச்சம்.

"சீசா கொள்ளலியே சார். அடியில என்னமும் கிடக்கா?" என்றார்.

"அடியில என்ன கிடக்கும்? கவிழ்த்துப் பார்த்துட்டுத்தான் கொண்டாந்தேன். உங்க அளவைப் பாருங்க அண்ணாச்சி" என்றேன். அளவிலும் கை வைக்கிறார் போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் மிச்சத்தை ஒரு சின்ன டப்பாவில் ஊற்றி அதையும் கையில் கொடுத்தார்.

இரவெல்லாம் வெளியே வைத்துவிட்டு, மறுநாள் விடியும்போது சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் தடிமனுக்கு வெள்ளைக் கட்டி. எனக்குக் கோபம் வந்தது என்று சொன்னால் அது பாதி உண்மை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. இத்தனை நாள் தேடிய திருடன் அகப்பட்டான் என்ற சந்தோஷம். சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். பண்டிகைப் பலகாரத்துக்கு டின் கணக்கில் எண்ணெய் பேச வந்திருந்த ஒரு மில் கேன்டீன்காரரும் நின்றுகொண்டிருந்தார். நான் ஒரு குச்சியை விட்டுக் கட்டியைத் தோண்டி எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். "பாருங்க! கடலை எண்ணெயாம்! ரேஷன் பாமாயிலைக் கலந்து வச்சு ஊரைக் கொல்றார்! என் அண்ணனை முழுங்குன எண்ணெய் இது!"

அண்ணாச்சி எழுந்து வந்தார். அந்தக் கட்டியில் துளி எடுத்து இரண்டு விரலில் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தார்.

"நீங்க படிச்சவிய சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமேன், பேசியிருக்க வேண்டியதுதானே என்றுதான் அங்கிருந்த எல்லோரும் நினைத்தார்கள். அப்படி நினைக்கும்படி நானும் உரக்கவே சொன்னேன். கேன்டீன்காரர் டின்னைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார், பிறகு வரவே இல்லை. வெகுநாள் வரைக்கும் சிலர் கடை வழியாகப் போகும்போது, "அண்ணாச்சி, கட்டி எண்ணெய் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நான் அந்தச் சீசாவை மெழுகு வைத்து மூடி, "கலப்படக் கடலை எண்ணெய்" என்று சீட்டு ஒட்டிப் பள்ளிக்கூட ஆய்வுக்கூட அலமாரியில் வைத்தேன். வருடா வருடம் அதை எடுத்துக் காட்டிப் பாடம் நடத்தினேன். கடைப் பெயரையும் சேர்த்தே சொன்னேன். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பாமாயில் இல்லாத சாமான் தேடி இரண்டு ஊரையும் சலித்தேன். பேக்கரியில் பிஸ்கட் கேட்டால் வனஸ்பதி என்றார்கள், வனஸ்பதி எதிலிருந்து என்று கேட்டால் டின்னைக் காட்டினார்கள், டின்னில் ஒரு பூப்படம் மட்டும் இருந்தது. மிக்சர் கடையில் நான் தலையைக் காட்டினாலே அடுப்புப் பக்கத்துக் கதவைச் சாத்தினார்கள். அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனால்கூட வடை வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டுச்சோறு தின்றோம். வன்னியம்பட்டியில் ஒருவரிடம் கடலை வாங்கி, செட்டியார்பட்டிக்குச் சுமந்துபோய், செக்குக்குப் பக்கத்திலேயே நின்று ஆட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு, முதல் நாள் அதே செக்கில் என்ன ஆட்டினார்களோ என்று தோன்றிவிட்டது. எஸ்தர் ஒரு நாள், "இனிமே தண்ணியிலதான் தாளிக்கணும்" என்றாள்.

மற்ற கடைகளில் வாங்கிய எண்ணெய் நாலில் மூன்று குளிரில் கட்டியது. இது என் கைப்படச் செய்த சோதனை. கடைசியில் ஒரு மார்கழியில், பக்கத்து வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி கடையில் வாங்கிவந்த எண்ணெயில் கொஞ்சம் கேட்டு வாங்கி, கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளியே வைத்தேன். விடியற்காலையில் பார்த்தால் ஒரு திப்பி இல்லை. மறு வாரமும் வைத்தேன். இல்லை.

அப்போது எந்த மனிதனுக்கும் தோன்ற வேண்டியது எனக்குத் தோன்றவில்லை. ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். நான் போட்ட சத்தத்தில் திருந்திவிட்டார்! நேரே கடைக்குப் போய், "அன்னைக்கு நான் கண்டிப்பா இருந்தது உங்களுக்கு நல்லதாப் போச்சு அண்ணாச்சி" என்றும் சொன்னேன்.

"ஆமா சார்" என்றார். "அன்னையிலருந்து சீசாவப் பார்த்துத்தான் ஊத்துறது."

என் சீசாவை வாங்கி, வாசலுக்கு வந்து, வெயிலில் தூக்கிப் பிடித்தார். நான் பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன். அதன் பிறகு பத்து வருடம் அங்கேதான் வாங்கினேன், ஒவ்வொரு மார்கழியும் சோதித்தேன். அதை அவரிடமே சொல்வேன். "சோதிங்க சார். எண்ணெய்க்கு எண்ணெய்தான் சாட்சி" என்பார். அவர் சொன்னதில் எனக்கு மனப்பாடமான வாக்கியம் அது. அதையும் ஒரு வியாபாரியின் வாய்ச்சாலம் என்றே எடுத்துக்கொண்டேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

அண்ணாச்சியின் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தேன். எஸ்தர் அழுதிருந்தாள். கடைக்காரருக்காக இவ்வளவு அழுவானேன் என்று அதற்கும் ஒரு சந்தேகம் எனக்கு. அவளே சொன்னாள்.

"அவிய இருக்குற மட்டும் சொல்லப்படாதுன்னு வாக்கு வாங்கிட்டாவ. இனிமே சொல்லலாம். அன்னைக்கு நீங்க கொண்டுபோனது நம்ம பாப்பாவுக்குத் தலைக்குத் தேய்க்கிற தேங்கா எண்ணெய்ச் சீசா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மார்கழி. தேங்காய் எண்ணெய் சீசாவுக்குள் கல்லாக உறைந்து கிடந்திருக்கிறது. குளிரில் எந்த எண்ணெய் உறையும், எது உறையாது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்திய வாத்தியார் அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் காலி என்று கொண்டுபோயிருக்கிறேன். அரை லிட்டர் எண்ணெய் அதில் கொள்ளாமல் நின்றபோதே அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் முகர்ந்தபோது சந்தேகமே இருந்திருக்காது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க சண்டை போட்டுட்டு வந்த அன்னைக்கே. பாப்பாவுக்குத் தலை பின்ன எண்ணெயைத் தேடுனேன், சீசாவைக் காணோம். மறுநா நீங்க பள்ளிக்கூடம் போன பொறவு கடைக்குப் போயி, 'அண்ணாச்சி, தப்பு எங்க வீட்டுச் சீசாவுல, நான் அவுககிட்டச் சொல்லி எல்லார் முன்னாலயும் சொல்ல வைக்கேன்'னு அழுதேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'வேண்டாம் தாயி'ன்னாவ. 'அண்ணனைப் பறிகுடுத்துட்டுப் பயந்துபோன மனுசன். பயந்தவன் கையில இருக்குற கம்பைப் பிடுங்கப்படாது. சார் நாளைக்கு வகுப்புல நிக்கணும், அவர் சொல்றத அம்புட்டுப் பிள்ளையளும் நம்பணும். என் செக்கு இன்னைக்கும் ஆடும், நாளைக்கும் ஆடும். எண்ணெய் சொல்லிக்கிடும்'னாவ."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. "நீயாவது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? பன்னிரண்டு வருசம்!"

"நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டியளா, இது என்ன சீசான்னு?" என்றாள்.

நான் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற அத்தனை கடைக்காரரையும் கேட்டேன், அதை மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சீசா ஆய்வுக்கூட அலமாரியில் அதே இடத்தில்தான் இருந்தது. கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தேன். முகர்வதற்குக் கிட்டே கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை. பழைய தலையணை உறையில் வருமே, அந்த வாடை. அன்றைக்கே மூக்கைக் கொண்டுபோயிருந்தால் என் மூக்குக்கும் தெரிந்திருக்கும். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது. ஒரு மனிதர் தன் பெயரைக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். நான் அவருக்கே புத்தி சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சீசா ஒன்றுதான். பழைய சீட்டைத் தண்ணீரில் ஊற வைத்து உரித்துவிட்டேன். என் கையெழுத்தில் வேறொன்று எழுதி ஒட்டியிருக்கிறேன். பதினாறாம் நாள் அன்று அதைக் கடையில் அவர் உட்காரும் இடத்தில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி வைக்க முருகேசனிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். வந்தால் எடுத்து வெயிலில் தூக்கிப் பாருங்கள். சீட்டில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறது: "தேங்காய் எண்ணெய். சீசா வாத்தியாருடையது. கடலை எண்ணெயில் குற்றம் இல்லை."